பட்டி பார்த்த படகு

பதினெட்டு அடி நீளம், தேக்குப் பலகை, ஒற்றைப் பாய்மரம், இரண்டு பேர் குனிந்து உட்காரும் அளவில் ஒரு சின்ன அறை. கொச்சியில் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரருக்காகக் கட்டிய படகு. பிறகு சென்னைக்கு வந்து மூன்று பேரிடம் கைமாறியது. கடைசியாக வாங்கியவர், ஒரகடத்தில் எங்கள் கார் தொழிற்சாலையை நிறுவ வந்த வெளிநாட்டுப் பொறியாளர். இவ்வளவும் படகோடு வந்த காகிதங்களில் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது பத்து வருடம் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

நான் அங்கே காரின் கூட்டைச் செய்யும் பாடி ஷாப்பில் தர ஆய்வு மேலாளர். கதவோரத்து இடைவெளி அரை மில்லிமீட்டர் கூடினாலும் காரைத் திருப்பி அனுப்புகிறவன். பொறியாளர் ஆறு மாதம் ஊருக்குப் போனபோது, கொட்டகையில் வைத்திருந்த படகை என்னிடம் ஒப்படைத்தார். "தினமும் உள்ளே தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பலகை காயக் கூடாது" என்றார். தலையாட்டினேன். ஊற்றவில்லை. வாழ்நாளெல்லாம் துருவோடு சண்டை போட்டவனுக்கு, நல்ல பொருளின் மேல் தண்ணீர் ஊற்றுவது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தார்ப்பாய் போட்டு, ஒரு சொட்டு படாமல் காத்தேன்.

சித்திரை வெயிலில் பலகைகள் சுருங்கி இடுக்குகள் வாய் திறந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. காருக்குப் பட்டி பார்ப்பவரை அழைத்து, எல்லா இடுக்கையும் கார் பட்டியால் அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடிக்கச் சொன்னேன். படகு கண்ணாடி போல ஆனது. எனக்குப் பெருமை.

பொறியாளர் திரும்பி வந்து படகைக் கடலில் இறக்கினார். தண்ணீர் குடித்த பலகைகள் ஊதின. பட்டி கல்லாக இறுகியிருந்ததால் அவை ஊத இடமில்லை. மூன்றாம் நாள், உள்ளே விலா எலும்பு போலப் பலகைகளைப் பிடித்திருக்கும் வளைகட்டைகள் முறிந்தன. தண்ணீர் ஏறியது.

"நான் இல்லாதபோது படகில் ஏதாவது செய்தீர்களா?" என்று கேட்டார்.

"பெயின்ட் மட்டும்தான்" என்றேன்.

முறிந்த இடத்தில் மரம் புதிதாக, நிறம் மாறாமல் இருந்ததைப் பார்த்திருந்தேன். இருந்தும், காரணத்தை ஆராய்ந்து எழுதித் தரும்படி அவர் கேட்டபோது, 'மரம் மக்கியிருந்தது' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தை அவர் நம்பினார். பென்னலூரில் சரக்கு அடுக்கும் மரப் பேலட் அடிக்கும் பட்டறையில் படகை அந்த அறிக்கையோடு விட்டுவிட்டு, வேலை முடிந்ததும் ஊருக்கே போய்விட்டார்.

பத்து வருடங்கள் ஓடின. ஓய்வுபெற்றுக் குன்றத்தூரில் இருக்கிறேன். போன மாதம் பட்டறைக்காரர் போன் செய்தார்.

"சார், அந்த போட்ட அறுத்துடட்டா? அந்த இன்ஜினியரு போய்ச் சேந்துட்டாராம். அவரு பொண்ணு மெயில் போட்டுகீது. மரம் மக்கிப்போயிருந்தா ஒடச்சிடுங்க, நல்லா இருந்தா நான் வந்து எடுத்துக்கறேன்னு. உங்க ரிப்போர்ட்டு என்னாண்ட கீது. மக்கிப்போச்சுன்னு போட்டுகீறீங்க."

"அறுக்காதப்பா. நான் வரேன்."

"நாளைக்கு மதியம் மெஷின் ஃப்ரீ சார். அதுக்குள்ள வந்துருங்க."

மறுநாள் காலையிலேயே போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டார்.

"இன்னா சார் நீ! படிச்ச மன்சன். பேலட்டுக்கே ரெண்டு பலகைக்கு நடுவுல எடம் வுட்டுதான் ஆணி அடிக்கிறோம். தண்ணில போற வண்டிக்குக் கார் பட்டியா? அதுக்கு மேல பொய் வேறயா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் உளியை எடுத்து முறிந்த கட்டை ஒன்றைச் சீவினார். சுருள் சுருளாக வந்தது. மூக்கருகே பிடித்துப் பார்த்தார். "மக்கல சார். தேக்கு வாசம் அப்படியே கீது. இந்த எழவு பட்டிய சொரண்டணும், கட்டைய மாத்தணும், அவ்ளோதான்."

அங்கேயே ஒரு பேலட்டின் மேல் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். தண்ணீர் ஊற்றாதது, பட்டி, பொய், அறிக்கை என எதையும் விடவில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. மக்கிய மரத்தைக்கூட அடையாளம் தெரியாமல் வாங்கினேனே என்று அவள் அப்பா கடைசிவரை தன்னையே நொந்துகொண்டாராம். வேறு படகில் ஏறவே இல்லையாம். 'உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் படகை உடைக்க வேண்டாம். ஜனவரியில் வருகிறேன். எத்தனை கட்டைகள் மாற்ற வேண்டும்?' என்று முடித்திருந்தாள்.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். அதற்குள் பட்டறைக்காரர் பாதிப் பட்டியைச் சுரண்டியிருந்தார். "ஆறு சார்" என்றார்.

முட்டி வலியோடு உள்ளே தவழ்ந்து, டார்ச் அடித்து ஒவ்வொரு கட்டையாகத் தடவினேன். முன்பக்க மூலையில் இன்னொன்றில், நகத்துக்கு மட்டும் தெரியும் விரிசல்.

"அது தாங்கும் சார், வுடு. யாருக்குத் தெரியப்போவுது?"

வெளியே வந்து, கைத்தூசியைத் தட்டிவிட்டு, ஏழு என்று எழுதி அனுப்பினேன்.