யூ-ஷியா செய்த கல்யாணப் படம்

சியாயி நகரச் சந்தையில் என் வான்கோழிச் சோற்றுக் கடைக்கு எதிரே யூ-ஷியா தையல் கடை வைத்திருக்கிறாள். விளிம்பு மடிக்கக் கால்சட்டையைக் கொடுத்தால், நீங்கள் சொன்ன அளவில் மடிக்க மாட்டாள். தனக்குச் சரியென்று பட்ட அளவில்தான் மடிப்பாள். அவ்வளவு பிடிவாதம்.

போன வருஷம் அவள் மகள் ஹன்-ருவுக்குக் கல்யாணம். விருந்தில் பெண் உள்ளே வருவதற்கு முன் விளக்கை அணைத்து, சின்ன வயதுப் படங்களைத் திரையில் ஓட்டுவார்கள். மாப்பிள்ளையின் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல நாளும் அதுவுமா, இறந்தவங்க படம் திரையில வேண்டாம்."

யூ-ஷியா தலையாட்டிவிட்டு வந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகள் கல்யாணத்தில் அப்பனுக்கு இடமில்லையா?

"வாயை மூடிக்கிட்டா வந்தே?" என்றேன்.

"போடச் சொன்னாலும் அவரு படம் எங்கே இருக்கு, அக்கா? எல்லாத்தையும் எடுத்தவரே அவருதானே, ஒண்ணுலயும் அவரு இல்ல. ஆனா அவரு இல்லாம இது ஓடாது."

இறந்துபோன அவள் புருஷன் குவோ-தோங் பழ லாரி ஓட்டியவர். கேமராவில் போட்டோ எடுக்கப் போய் வீடியோ பொத்தானை அமுக்கிவிடுவார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி முடித்த பிறகுதான் அவருக்கே தெரியும். அதற்காக அவளிடம் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. அந்த வீணாய்ப்போன வீடியோக்களை அவள் அழிக்கவே இல்லை.

மாப்பிள்ளை போ-ஹாவ் நல்ல பையன். "அத்தை, போன்லயே செயலி இருக்கு. படத்தைக் குடுத்தா பாட்டோட அதுவே பண்ணிடும்."

"அதுக்கு அவரைத் தெரியுமா? நானே பண்றேன்."

மகளின் பழைய மடிக்கணினியைத் தையல் மேசையில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். எடிட்டிங் மென்பொருளில் அந்த வீடியோக்களிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்து, போட்டோக்களுக்குக் கீழே வைத்தாள். அவர் "மூணு" சொல்லும்போது படம் வரவேண்டும். முதலில் படம் முந்திக்கொண்டது. அதைச் சரிசெய்தால் பின்னால் இருந்ததெல்லாம் நகர்ந்துபோனது. வைதுகொண்டே, பிரித்துப் பிரித்துத் தைக்கிற மாதிரி செய்தாள்.

மதியக் கூட்டத்தில் என் கடைக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். பின்னணியில் பியானோ இசை.

"பியானோதான் கேக்குது. உன் புருஷன் எங்கடி? என் கடைச் சத்தத்துக்கே இப்படின்னா, மண்டபத்துல?"

அங்கேயே பியானோவை மொத்தமாக அழித்தாள்.

"பாட்டே இல்லாம கல்யாணப் படமா? சிரிக்கப் போறாங்க," என்றேன்.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."

கல்யாணத்தன்று மண்டபத்தில் காது கிழியும் சத்தம். விளக்கு அணைந்தது. இருட்டில் ஓர் ஆண் குரல்: "ஒண்ணு, ரெண்டு, மூணு!" முன்பல் இல்லாத ஹன்-ரு திரையில் சிரித்தாள். மறுபடி எண்ணினார். பள்ளிச் சீருடையில் முறைத்தாள். பேச்சு அடங்கி, சாப்பாட்டுக் குச்சிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. இறந்தவர் படம் ஒன்றுகூட வரவில்லை. குறை சொல்ல வழியில்லாத சம்பந்தியம்மா சிவப்புக் கைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

கடைசியில் திரை கறுத்தது. "ஒண்ணு, ரெண்டு... அடடா, மறுபடியும் தப்பா அமுக்கிட்டேன். ஹன்-ரு, அப்படியே நில்லும்மா."

கதவு திறந்தது. வாசலில் மணக்கோலத்தில் ஹன்-ரு, பக்கத்தில் அம்மா. விழாத் தொகுப்பாளர் இரண்டு தரம் அழைத்தும் பெண் நகரவில்லை. அப்பா சொன்னபடி அப்படியே நின்றாள், கன்னமெல்லாம் ஈரம்.

யூ-ஷியா மகளின் கையை இறுகப் பிடித்தாள்.

"மூணு," என்றாள்.

இருவரும் நடந்து வந்தார்கள்.