அமுதவல்லி அக்கா ஒட்டிய விமானம்

காலையில் மருந்துச் சீட்டோடு வரிசை நீண்டிருந்த நேரத்தில் அமுதவல்லி அக்காவின் கணவர் தனசேகர் அண்ணன் போன் செய்தார். "உங்க அக்கா தூக்கத்துலயே பூட்டாப்பா" என்றார். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் மாத்திரை கொடுத்து முடித்துவிட்டுத்தான் அழுதேன். பாதியில் எழுந்திருந்தால் அக்காவே திட்டியிருப்பார்.

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு முதல் ஊசி போட்டவர் செவிலியர் அமுதவல்லி. அதே சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். அவருக்கு எப்போதும் 'தம்பி'. ஏரிக்கரைக் குடியிருப்புத் தாய்மார்கள், "வலிக்காம போடுற அம்மா கீறாங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கி வருவார்கள்.

அந்தக் கைக்குத்தான் ஓய்வுபெற்ற பிறகு நடுக்கம் வந்தது. விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் செங்கல்பட்டு நரம்பு மருத்துவர். பூ கட்டலாமே என்றார்கள் அக்கம்பக்கத்தார். அக்கா யார் சொல்லைக் கேட்டார்? அங்கேயே ஒரு பொம்மைக் கடையில், துண்டு துண்டாக இருக்கும் பிளாஸ்டிக் விமானத்தைப் பெட்டியோடு வாங்கி வந்துவிட்டார். ஒட்டும் பசை பெட்டியில் இல்லை.

முதல் விமானம் பசையைப் பார்க்கவே இல்லை. துண்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சோப்புத் தண்ணீரில் அலசினால் போதும். அக்காவோ கண்ணாடி சிரிஞ்சு காலத்து நர்ஸ். பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டார். இறக்கைகள் அப்பளமாகச் சுருண்டன.

"இன்னாக்கா இது?"

"சிரிக்காத. கிருமி ஒண்ணுகூட இல்ல, பாத்துக்கோ."

அடுத்த பெட்டி வந்தது. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை, காய்ந்ததும் உரிந்தது. மோட்டார் கடையில் கொடுத்த குழாய்ப் பசை வாலைக் கூழாக்கியது. நொடியில் ஒட்டும் பசை பெரிய பேஜார்: நடுங்கும் கை இடத்தைத் தேடுவதற்குள் அது பிடித்துக்கொள்ளும். ஒருநாள் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டு என்னிடமே வந்து நின்றார். வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்துவிட்டேன்.

"எனக்குக் காத்துக்கினு இருக்கிற பசை வேணும் தம்பி. என் கை போய்ச் சேர்ற வரைக்கும் அது பொறுத்துக்கணும்."

"குடுங்க, நானே ஒட்டித் தர்றேன்."

"நீ ஒட்டுனா அது உன் பிளேன். என் கை இன்னும் என் பேச்சைக் கேக்குதான்னு நான் பாக்கணும்."

துண்டுகளை அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன்.

கடைசியில் வழி அவர் தொழிலிலிருந்தே வந்தது. துண்டுகளை முதலில் சேர்த்து வைத்து, காயத்துக்கு ஒட்டும் காகித பிளாஸ்டரால் கட்டுவார். கோணலானால் பிரித்து மறுபடி கட்டுவார். பிறகு ஜன்னலைத் திறந்துவைத்து, பெயிண்ட் கடைத் தின்னரை ஊசி முனையால் இடுக்கில் ஒரு சொட்டு விடுவார். அது தானாக உள்ளே ஓடி, பிளாஸ்டிக்கை இளக்கிப் பிணைத்துவிடும். நடுக்கம் குறையவில்லை. ஆனால் அவசரம் போய்விட்டது. முதல் துண்டு ஒட்டிய அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

போன வாரம் விமானம் முடிந்தது. கடைசி இறக்கையை ஒட்டும்போது மட்டும் தின்னர் கொஞ்சம் வழிந்திருக்கிறது. அக்கா கவனிக்காமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டார். இளகிய பிளாஸ்டிக்கில் ரேகை வரிவரியாகப் பதிந்துவிட்டது. முடித்துவிட்ட சந்தோஷமெல்லாம் அந்தத் தடத்தில் போயிற்று.

"ஊசி போட்ட எடமே தெரியாது என் கையில. இப்ப பாரு, அசிங்கமா கீது. வர்றப்ப எமரி பேப்பர் வாங்கினு வா, தேச்சு எடுத்துடலாம்."

வாங்கி வைத்திருந்தேன். அதைக் கொடுக்கும் முன்தான் போன் வந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பி, உறவினர்கள் கலைந்த பிறகு, தனசேகர் அண்ணன் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கேட்டிருந்ததைச் சொல்லி, எமரி காகிதத்தை எடுத்தேன். அவர் விமானத்தை மார்போடு இழுத்துக்கொண்டார்.

"வாணாம்பா. மத்தத எல்லாம் எரிச்சுட்டு வந்துகீறோம். அவ கை இது ஒண்ணுதான் கீது."

சொல்லிவிட்டுத் தன் கட்டைவிரலை அந்த ரேகையின்மேல் வைத்துக்கொண்டார்.

அக்கா, நீங்கள் சொன்ன இந்த ஒரு வேலையை நாங்கள் செய்யப் போவதில்லை. திட்டிவிட்டே போய் வாருங்கள்.