இடக்கை அரிவாள்

கும்பகோணம் போகிற பஸ் பஞ்சராகி நிற்கிறது. எவ்வளவு நேரமாகும் என்றால் கண்டக்டர் முறைக்கிறார். எதிரே கொல்லுப் பட்டறையில் ஒருவர், இடது கைக்கென்று மறுபக்கம் பல் வெட்டிய கதிர் அரிவாளைத் தடவிப் பார்க்கிறார். ராணுவத்தில் இருக்கிறாராம். மிஷின் இறங்காத ஈர வயலை அறுக்க லீவில் வந்திருக்கிறார்.

“துப்பாக்கியும் இடது கையாலதானா?” என்கிறேன்.

“முன்ன அப்படித்தாங்க. இப்ப குட்டைத் துப்பாக்கி குடுத்திருக்காங்க. வண்டிக்குள்ள வச்சுக்க வசதி. நீளம் கொறைக்கணும்னு தோட்டா அடைக்கற மேகசினை டிரிக்கருக்குப் பின்னாடி, கன்னத்துக்கிட்ட கொண்டாந்துட்டாங்க. இடது தோள்ல வச்சுச் சுட்டா, வலது பக்கமாத் தெறிக்கற காலித் தோட்டா கொதிக்கக் கொதிக்க மூஞ்சியில அடிக்கும். வலது கைக்கு மாறிட்டேன்.”

“கஷ்டமா இல்லையா?”

அரிவாளை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறார்.

“ஆறு மாசம் கஷ்டந்தான். இப்ப நிம்மதியா இருக்குங்க. சுடற கை வேற, அறுக்கற கை வேற.”