திராட்சைப் பந்தலுக்குப் பின்னால் ஒரு வீடு

ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அடைத்துக் கிடக்கிற இடம் எதுவானாலும் எனக்கு மூச்சு முட்டும். என் சிநேகிதிக்கு இது நல்ல கேலிப்பொருள். பெட்டிக்குள் ஏறும்போதே, "மகாராணி வராங்க, ஜன்னல விடுங்கப்பா" என்று சத்தம் போடுவாள். போட்டுவிட்டு ஓடிப்போய் எனக்காக அந்த இடத்தைப் பிடித்தும் வைப்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மைசூரில் ஒரே அலுவலகத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த மேஜை. இருவருடைய அப்பாக்களும் ரயில்வே வேலைக்காக அந்த ஊருக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் லேடீஸ் சைக்கிள்களுக்கு லக்கேஜ் சீட்டுப் போட்டு, பாசஞ்சர் வண்டியில் கார்டு பெட்டியில் ஏற்றிவிடுவோம். பாண்டவபுரத்தில் இறங்கி, கால்வாய்க்கரை வழியாக மிதிக்க ஆரம்பிப்போம். வீட்டில் சொல்வது மேல்கோட்டைக்கு என்று. பெருமாளைச் சேவிக்கப் போகிற பெண்களை எந்த வீட்டிலும் தடுக்க மாட்டார்கள். ஒரே ஒரு முறைதான் மேல்கோட்டை வரைக்கும் போனோம். மேடு ஏறி முடிக்கும்போது கால் இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது. மற்ற வாரமெல்லாம் நடுவழியில் அந்தத் திராட்சை ஊரிலேயே நின்றுவிட்டோம். பெருமாள் பொறுத்துக்கொண்டார்.

அந்த ஊரைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு அரச மரம், ஒரு பால் டெப்போ, கரும்பு வயல்கள், அதைத் தாண்டினால் கல் தூண்களின் மேல் கம்பி கட்டிப் படரவிட்ட திராட்சைப் பந்தல்கள். கறுப்புத் திராட்சை. வாயில் போட்டு அழுத்தினால் தோல் தனியே கழன்றுவிடும், உள்ளே கொட்டையும் புளிப்பும். பழம் முற்றும் நாட்களில் ஊர் எல்லைக்கு முன்பே வாசனை வந்துவிடும். ஒயின் செய்யும் இடத்துக்குப் போக வேண்டிய பழம் அது. லாரி வந்து கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு போகும். லாரி போனபிறகு ஊர் மறுபடியும் தூங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அந்தத் தெருவில் எங்கள் சைக்கிள் செயின் சத்தம் எங்களுக்கே கேட்கும்.

ஊருக்குப் பின்னால் பாறைகள் அடுக்கின ஒரு குன்று. சைக்கிளைத் தோட்டத்தில் நிறுத்திவிட்டு அதில் ஏறுவோம். பாதி வழிக்கு ஆட்டுத்தடம் உண்டு, அதற்கு மேல் கைகளையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். புடவை கட்டிக்கொண்டு ஏறுவது பெரிய வித்தை, அதனால் வீட்டில் கோயிலுக்கென்று கட்டிவிட்ட புடவையை ரயிலடி ரெஸ்ட் ரூமிலேயே மாற்றி, சுடிதாரோடு வருவோம். மேலே உட்கார்ந்து சித்ரான்னப் பொட்டலத்தைப் பிரித்தால் கீழே எல்லாம் தெரியும். கால்வாய், ஏரி, பந்தல்களின் பச்சை. பெரிய பந்தலுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் ஒரு ஓட்டு வீடும் தெரியும்.

அந்த வீட்டின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. பக்கவாட்டில் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது, அதைத் திறந்தால் பந்தல். காலையில் ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து ரயில், அலுவலகம், சாயங்காலம் திரும்பி வருவது. எல்லாவற்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு கல்யாணமாகாத பெண்கள் கிராமத்தில் வீடு எடுத்து இருப்பதா, வீட்டில் பூகம்பம் வரும் என்று தெரியும். தெரிந்தும் ஆசைப்பட்டேன். அவளோடு அந்த வீட்டில் இருக்க வேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"நாம இந்த வீட்ட எடுத்துக்கலாமாடி?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன்.

"எடுத்துக்கலாமே. நீ சமை, நான் சாப்டறேன்" என்பாள். இல்லாவிட்டால், "ஓடு மேல பாம்பு இருந்தா யாரு அடிப்பா? நீதானே?" என்பாள். ஒரு நாளும் நேரான பதில் வந்ததில்லை. அவளுக்கு ஆசை உண்டா, என் பைத்தியத்துக்குத் தாளம் போடுகிறாளா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அந்த வீட்டுச் சாவி தோட்டக்காரர் மனைவியிடம் இருந்தது. நல்ல உயரம், பெரிய மூக்குத்தி, அதிகம் பேசாத மனுஷி. எங்களைக் கண்டதும் "பன்னி, குத்கொள்ளி" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி, பந்தல் நிழலில் பாய் போடுவாள். நாங்களும் அவளிடம் கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, எங்களுக்குள் தமிழுக்குத் தாவிவிடுவோம். மைசூர்த் தமிழர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பஸ்ஸிலும் கடையிலும் எதிரே இருப்பவரை வைத்துக்கொண்டே தமிழில் எல்லாவற்றையும் பேசுவோம். அது எங்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்வது மாதிரி. அவள் மூக்குத்தியின் சைஸ், அவள் மோரின் புளிப்பு, எங்கள் மேலதிகாரி, எங்களைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள், அந்த வீடு, அதில் எந்த மூலையில் அடுப்பு வைப்பது என்று எல்லாம் அவள் எதிரிலேயே பேசினோம்.

ஒரு தடவை பழம் பறித்து முடித்த வாரம், உள்ளேயிருந்து ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தாள். வீட்டுக்கு என்று அவளே போட்ட ஒயினாம். இருவரும் அதுவரை ஒயினைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பெரிய மனுஷிகள் போல வாங்கி ஒரு வாய் குடித்தோம். என் சிநேகிதி முகம் மாறாமல் சிரித்துக்கொண்டே, "விஷம்டி. அப்படியே சிரிச்சுக்கிட்டே முழுங்கு, இந்த அம்மாவுக்கு மனசு கஷ்டப்படும்" என்றாள். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, "தும்பா சென்னாகிதெ" என்று கன்னடத்தில் பாராட்டினாள். தோட்டக்காரர் மனைவி எங்கள் இரண்டு டம்ளரையும் மறுபடி நிரப்பினாள். அன்றைக்குக் கால்வாய்க்கரையில் நாங்கள் சைக்கிள் ஓட்டிய அழகை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் என் சிநேகிதிக்கு வரன் முடிந்தது. மாப்பிள்ளைக்கு நாக்பூரில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். குன்றின் மேல் அந்த வீட்டைப் பற்றி அவளைக் கேட்டேன், இந்த முறை கேலிக்கு இடம் கொடுக்காமல்.

"ஏண்டி, நீ நெஜமாவா கேட்டுட்டு இருந்தே? நான் விளையாட்டுன்னு நெனச்சேன்" என்று சிரித்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் அவளுக்காகக் காத்திராமல் இறங்கினேன். ஸ்டேஷன் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். ரயிலில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே வந்தேன். கல்யாணத்துக்குப் போனேன், சாப்பிட்டேன், போட்டோவுக்கு நின்றேன். அப்புறம் இரண்டு மூன்று வருஷம் புத்தாண்டு வாழ்த்து அட்டைகள் வந்தன. பிறகு அதுவும் இல்லை. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்கு வேறு யாரோ வந்தார்கள். அவள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு வெறுமனே துணி துவைக்கிற நாட்களாகிவிட்டன. அவளை நினைத்தால் கோபம் முதலில் வரும், அது போனபிறகு ஏக்கம் வரும். கோபம் சீக்கிரம் போய்விடும்.

அந்தப் பத்தாண்டு முடிகிற சமயம், ஏனென்றே தெரியாமல் ஒரு நாள் சைக்கிளை ரயிலில் ஏற்றிவிட்டேன். ஊர் அப்படியே இருந்தது. பந்தல்தான் மொட்டையாக இருந்தது. அப்போதுதான் கவாத்து பண்ணியிருந்தார்கள். ஓர் இலை இல்லாமல், வெட்டின முனைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் மனைவிக்குத் தலை நரைத்திருந்தது, மூக்குத்தி அதேதான். நான் கன்னடத்தில் நலம் விசாரிக்க வாயைத் திறந்தேன்.

"ஒத்தையாவா வந்தீங்க அம்மிணி?" என்றாள்.

அவள் கேட்டது தமிழில். அவள் வழக்கம் போலப் பாயைப் போட்டாள்.

"நானு கொள்ளேகாலத்துக்கு அந்தப் பக்கம் பொறந்தவளுங்க. அம்மா வூட்ல தமிழுதானுங். இங்க கட்டிக் குடுத்த பொறகு பேசறதுக்கு ஆரு இருக்கறா?"

"அப்ப நாங்க பேசினது எல்லாம்..."

"எல்லாந்தானுங்க. மூக்குத்திய வண்டிச் சக்கரம்னு சொன்னதும்தான்." சிரித்தாள். "வெசம்னு சொன்னீங்களா, அதான் இன்னொரு டம்ளர் ஊத்துனேன்."

"ஏன் சொல்லவே இல்ல நீங்க?"

"சொல்லிப்போட்டா நீங்க பேச்ச நிறுத்திருவீங்களே. ஞாயித்துக்கெழமைன்னா காது காத்துக்கிட்டு இருக்குமுங்க எனக்கு."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"அந்த அம்மிணி கல்யாணத்துக்கு முந்தி ஒரு நாள் தனியா வந்துச்சு, தெரியுமுங்களா? கோவிச்சுக்கிட்டு நீங்க முன்னால போனீங்களே, அதுக்கு அடுத்த வாரம். வேல நாளு. எங்கிட்டச் சாவி வாங்கி அந்த வூட்டத் தொறந்துச்சு. சீமாறு கேட்டு வாங்கி உள்ள பூராக் கூட்டுச்சு. நானு வாசல்ல நின்னேன். தமிழ் தெரியாதவளாச்சே நானு, அதனால சத்தமாவே பேசிக்கிட்டு இருந்துச்சு. அடுப்பு இங்க, தண்ணிக் கொடம் இங்கன்னு. அப்பறம் அந்தப் பெரிய ரூம்புல நின்னுக்கிட்டு, 'ஜன்னல் ரூம் மகாராணிக்கு. நான் சமையல்கட்டுல படுத்துப்பேன்'னு சொல்லிப்போட்டு, அங்கயே உக்காந்து அழுதுச்சு."

மொட்டைப் பந்தலுக்கு ஊடே தெரிந்த அந்த ஓட்டு வீட்டைப் பார்த்தேன்.

"மகாராணின்னா நீங்கதானுங்களே?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குள் இப்போது பழக்கூடைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெரிய அறையில் ஜன்னல் உயரத்துக்கு இருந்தன. ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தேன். எதிரே மொட்டைப் பந்தலும் அதற்கு மேல் குன்றும் தெரிந்தன. சமையல்கட்டை எட்டிப் பார்த்தேன். அங்கே ஜன்னலே இல்லை. கரி படிந்த சுவர், ஒரு ஆள் காலை மடக்கித்தான் படுக்கலாம். அதைத்தான் அவள் தனக்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் விளையாட்டு என்று சொன்னாள், நான் அதை அப்படியே நம்பிவிட்டேன்.

அவளிடம் அந்த நிமிஷமே பேச வேண்டும் போல இருந்தது. நாக்பூர் வடக்கே இருக்கிறது, அந்த ஜன்னல் கிழக்கே பார்த்து இருந்தது. இருந்தாலும் ரயிலுக்கு நேரமாகும்வரை நான் அந்த ஜன்னல் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.