எதுவும் வாங்காதவர்களுக்கான மாடி

எதையும் கூட்டாமலும் குறைக்காமலும், நடந்ததை நடந்தபடியே இங்கே எழுதப்போகிறேன். மகா அக்காவை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறார்கள். ஆகவே நான் எங்காவது தவறினால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனரில்தான் கிடைத்தது. மழை விட்டிருந்த ஒரு மாலை, பள்ளி முடிந்து வழக்கம்போலத் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு அருகில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இரண்டு பேர் ஏணியில் நின்று பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். தள்ளுபடி அறிவிப்பு என்று நினைத்தேன். ஒரு மூலை இன்னும் கட்டப்படாமல் மடிந்திருந்தது. காற்று அதைத் தூக்கியபோது அக்காவின் அடையாள அட்டைப் படமும் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்தும் சேர்ந்து தெரிந்தன. காவலாளி முனுசாமி அண்ணன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவராகவே அருகில் வந்தார். காய்ச்சல் என்று விடுப்பில் போனவர், புதுச்சேரியில் மருத்துவமனையில் அன்று காலை இறந்துவிட்டார் என்று சொன்னார். அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது.

மகாலட்சுமி அக்கா திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு கரும்பு விவசாயியின் மகள். சென்னையில் எம்.பி.ஏ. படித்தவர். எந்த ஊரில், எந்தத் தெருவில் புதுக் கடை திறக்கலாம் என்று தன் நிறுவனத்துக்குச் சொல்வது அவர் வேலை. திண்டிவனம் கடைக்கு இடம் பார்த்தவரும் அவர்தான், பிறகு அதன் மேலாளராக இருந்தவரும் அவர்தான். ஓர் ஊர் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்பதை அரசாங்கம் தீர்மானிக்கிறது என்று நான் பாடத்தில் படித்திருந்தேன். அக்காவைப் பார்த்த பிறகு அது பாதி உண்மை என்று தெரிந்தது. அவரைப் போன்ற ஒருவர் ஒரு தெருமுனையில் சில நாள் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, இங்கே வைக்கலாம் என்கிறார். கடை வருகிறது. அதன் எதிரே ஷேர் ஆட்டோ நிற்கத் தொடங்குகிறது. ஏ.டி.எம். வருகிறது, வாடகை ஏறுகிறது, மாலையில் ஊரே அந்தப் பக்கம் நடக்கிறது.

என் அம்மாவுக்குக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. இரவு ஒன்பது மணிக்குத்தான் விடுவார்கள். அதன் பிறகு இருவரும் சேர்ந்து ஊருக்குப் பேருந்து ஏறுவோம். பள்ளி விட்டதிலிருந்து அதுவரை நான் எங்கே இருப்பது என்பதுதான் எங்கள் வீட்டின் தினசரிப் பிரச்சினை. பேருந்து நிலையத்தில் ஒரு பெண் தனியாகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், யாராவது ஒருவர் வந்து ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சூப்பர் மார்க்கெட்டின் மாடியில் முன்பக்கத்தை மட்டும் அக்கா காலியாக விட்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள், மின்விசிறி, குடிதண்ணீர், பெண்களுக்கு ஒரு கழிவறை. பேருந்துக்குக் காத்திருக்கிற யாரும் வந்து உட்காரலாம். எதுவும் வாங்க வேண்டியதில்லை.

நான் அங்கே போகத் தொடங்கிய புதிதில், அக்கா ஒருநாள் வந்து, என் பெயரைக் கேட்டுவிட்டு, இந்த இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது மேடம் என்றேன். அவர் போகாமல் நின்றார்.

"அது மரியாதைக்குச் சொல்ற நல்லாருக்குது. நெஜமா சொல்லு."

தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை வருகிறது, ஜன்னலோர விளக்கு விட்டு விட்டு எரிகிறது, கழிவறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு ஆமாம் சொல்ல ஆளுங்க நெறைய இருக்காங்க யாழினி. அந்த ஆமாவ நம்பித்தான் விழுப்புரத்துல ஒரு கடைய மூடிட்டு வந்துகிறேன்."

அந்தக் கதையை அவரே எனக்குச் சொன்னார். படிப்பு முடித்த புதிதில் விழுப்புரத்தில் கடைக்கு இடம் பார்க்க அனுப்பப்பட்டார். கடை வந்தால் வருவீர்களா என்று தெருத்தெருவாகக் கேட்டார். வருகிறோம் என்று எல்லோரும் சொன்னார்கள். வெயிலில் வந்த பெண்ணை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். வீட்டு வாசலுக்கு வந்து கேட்கிறவரிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் வழக்கம் நம் பக்கத்தில் கிடையாது. "எனுக்கும் அது தெரியும், நானும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான். ஆனா எம்.பி.ஏ. படிச்சிட்டு வந்தப்ப மறந்துபூட்டேன்" என்றார். கடை திறந்த நாளில் வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. தரை கண்ணாடி போல் பளபளத்ததால், கிராமத்துப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரோ பெரிய மனிதர் வீட்டுக்குள் நுழைவது போல நுழைந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார்கள். அப்படியே வெளியே போய்விட்டார்கள். செருப்புக் குவியலைப் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி, கூட்டம் என்று எழுதினாராம் அக்கா.

திண்டிவனம் கடைக்கு அவர் சொரசொரப்பான சிமெண்ட் தரைதான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினார். இங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. நீங்கள் அந்தத் தரையில் நடந்திருப்பீர்கள். அது ஏன் அப்படி இருக்கிறது என்று யோசித்திருக்க மாட்டீர்கள்.

அவர் நல்லது மட்டுமே செய்தார் என்று எழுதினால் அது பொய். அந்தக் கடை வந்த பிறகு பழைய தெருவில் மளிகைக் கடைகள் சில மூடிவிட்டன. அப்படி மூடிய ஒரு மளிகைக்காரர் அம்மாவிடம், "உங்க மேடம் வந்ததுல எங்க தெருவே அடங்கிப்போச்சும்மா" என்று சொல்லியிருக்கிறார். நான் அதை அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கடையை எங்கே வைக்கலாம் என்று சொல்வதற்குத்தான் தனக்குச் சம்பளம், எங்கே வைக்கக் கூடாது என்று சொல்வதற்கு யாரும் சம்பளம் தர மாட்டார்கள் என்றார்.

கடைக்குள் பூ விற்கக் கூடாது என்றும் அவர்தான் தடுத்து வைத்திருந்தார். வாசலில் பூக்காரர்கள் உட்கார்ந்தால்தான் பெண்கள் அங்கே நிற்பார்கள், நின்றால்தான் உள்ளே வருவார்கள் என்று தலைமை அலுவலகத்துக்குக் காரணம் எழுதினார். மாடிக்கும் அப்படி ஒரு காரணம் இருந்தது. காத்திருக்கிறவர்கள் கீழே வந்து வாங்குவார்கள் என்று. அது நிஜமா அக்கா என்று கேட்டேன்.

"பாவம்னு எழுதினா எவனும் கையெழுத்து போட மாட்டான். லாபம்னு எழுதணும். நீ படி, என்ன பேஜார் பண்ணாத."

அடக்கத்துக்கு அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தனியாக விழுப்புரம் போய், அங்கிருந்து பேருந்து மாறி அவர் ஊருக்குப் போனேன். கரும்புக் கொல்லையை ஒட்டிய வீடு. பந்தலில் உறவினர்கள் ஒரு பக்கம், கம்பெனிக்காரர்கள் ஒரு பக்கம். நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் தண்ணீர் டிரம் அருகே நின்றேன். ஓர் அம்மாள், "நீ யாரு பாப்பா, மகாவுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார். சொந்தம் இல்லை, உடன் வேலை செய்தவள் இல்லை, அவரிடம் படித்த மாணவியும் இல்லை. கடைக்கு வருகிற பெண் என்றேன். அவர் என்னை இன்னொரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனார். அழுகிறவர்கள் எல்லோரும் யாரோ ஒருவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் நின்றபடியே பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

புது மேலாளர் வந்தார். அக்கா படித்த அதே படிப்பு படித்தவர், இளைஞர், மரியாதையாகப் பேசுகிறவர். மாடியைச் சரக்கு அறையாக மாற்றலாம் என்று தலைமை அலுவலகம் நினைப்பதாகவும், அதற்கு முன் எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்ததாகவும் சொன்னார். இங்கே உட்காருகிறவர்கள் கீழே ஏதாவது வாங்குகிறீர்களா என்று ஒரு படிவத்தில் குறித்தபடி ஒவ்வொருவரிடமும் கேட்டார். வாங்காமல் என்ன, வாங்குகிறோம் சார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் கையில் கடைத்தெருவில் வேறு கடைகளில் வாங்கிய பைகள் இருந்தன. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். கடைசியாக என்னிடம் வந்தார்.

"இல்லீங்க சார்" என்றேன். "நான் எதுவும் வாங்கினதில்ல. ஆனா இந்த எடம் இல்லன்னா எங்களுக்கு வேற எடம் இல்லீங்க."

"புரியுதும்மா. அத நான் எந்தக் கட்டத்துல எழுதுறது?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

அவர் இறங்கிப் போனதும், தினமும் என் பக்கத்தில் உட்காரும் கோவிந்தம்மாள் என்னைத் திட்டினார். "ஒரு வார்த்த ஆமான்னு சொன்னா இன்னா கொறஞ்சிபூடும் உனுக்கு? படிக்கிற பொண்ணாச்சே, அதுகூடவா தெரியல?" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் அன்று என்னோடு பேசவில்லை. அந்த வாரமே மாடியை மூடப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள்.

நான் பலமுறை யோசித்துவிட்டேன். அக்கா கீழே இருப்பவர்களிடம் நிஜத்தைக் கேட்டார், மேலே இருப்பவர்களுக்கு அதை லாபமாக எழுதி அனுப்பினார். முதல் பாதியை மட்டும்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இரண்டாவது பாதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இல்லை. ஆனாலும் மறுபடி யாராவது கேட்டால் இதையேதான் சொல்வேன். அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். அதை வைத்துக்கொண்டால் பக்கத்து நாற்காலி காலியாகும் என்பதும் இப்போது தெரியும்.

கடைசி நாள் மாலை மாடிக்கு நான் மட்டும்தான் வந்தேன். பின்பக்கம் முழுவதும் எண்ணெய் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். முனுசாமி அண்ணன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, என் நாற்காலியை மட்டும் விட்டுவைத்தார். நான் பாடத்தை முடிக்கும்வரை படியருகே காத்திருந்தார். பிறகு நான் எழுந்தேன். அவர் விளக்குகளை அணைத்தார்.