மூன்று ஆள் தூரம்

கண் விழித்ததும் வெல்டர் தன் இடத்தைச் சாண் போட்டு அளக்கிறார். அகலம் இரண்டரைச் சாண். ஒரு விரற்கடை குறைந்தாலும் அடுத்த ஆளின் தோளைத் தட்டுவார். "அண்ணே, உங்க முழங்கை என் வீட்டுக்குள்ள குடி வந்துருச்சு."

நாற்பது கைதிகளுக்கென்று கட்டிய கூடத்தில் நூற்று அறுபத்திரண்டு பேர். ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒருவர் புரண்டால் வரிசையே புரள வேண்டும். ஒரு கோடியில் கக்கூஸ், மறு கோடியில் ஜன்னல். புதிதாக வருகிறவருக்குக் கக்கூஸ் வாசல்தான். யாராவது விடுதலையானாலோ செத்தாலோ, பின்னால் இருப்பவர்கள் ஓர் ஆள் அகலம் ஜன்னல் பக்கம் நகர்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டு வந்தாலும் மறுபடி கக்கூஸ் வாசலிலிருந்து தொடங்க வேண்டும். அதிகாரிகள் போட்ட சட்டமல்ல, உள்ளே இருப்பவர்களே போட்டது. அதனால் மீற முடியாது.

வெல்டர் பற்றவைத்த இரும்புக் கதவு விழுந்து ஒருவர் இறந்துபோனார். நாலு வருடமாகியும் விசாரணை தொடங்கவில்லை. வாய்தா தேதி அவருக்கு மறந்துபோகும். ஜன்னலுக்கு எத்தனை ஆள் பாக்கி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மூன்று.

இருமல் வந்து ஒன்றரை மாதம். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமுகிறார். துண்டில் ரத்தம் படுகிற நாளில் அவரே துவைத்து, ஈரத்தோடு இடுப்பில் சுற்றிக்கொள்கிறார். அவருக்குப் பின்னால் படுக்கும் சலூன்காரனுக்கு ஒவ்வோர் இருமலும் நெஞ்சில் இடிக்கும்.

"கம்பவுண்டர்கிட்ட சொல்லித் தொலைங்கண்ணே. செத்துப் போயிருவீங்க."

"செத்தா உனக்குத்தானேடா ஒரு இடம் முன்னால" என்று வெல்டர் சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த ஜன்னல்ல மூஞ்சியை வச்சுட்டு அப்புறம் போறேன்."

இந்தச் செவ்வாய்க்கிழமை கம்பவுண்டர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். ஒருவர் தூக்கினால் இரு பக்கத்து ஆட்களையும் சேர்த்துச் சோதனைக்குக் கூட்டிப்போவார்கள். சலூன்காரனுக்கு இருமல் வந்து மூன்று வாரம். யாரிடமிருந்து வந்தது என்று இருவருக்கும் தெரியும். அவன் வலது கை தரையை விட்டு மெல்ல எழுந்தது.

வெல்டர் அந்தக் கையைப் பிடித்தார். காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தது. தன் மடியில் இழுத்து வைத்து, கம்பவுண்டர் அடுத்த கூடத்துக்குப் போகும்வரை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.