விலாவில் ஏறிய சிவப்பு

எழுபதுகளின் நடுவில், மூணாறைத் தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டில் போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். மழைக்கு முன்னால் சாமியார் கூப்பிட்டு, வேதக்கோயில் சுவரில் சாத்தியிருந்த பாடுபட்ட சுரூபத்துக்கு, சிலுவையில் தொங்கும் இயேசுவுக்கு, வர்ணம் பூசச் சொன்னார். கோயம்புத்தூரில் வாங்கிய டியூப் சிவப்பு ஒன்று என்னிடம் இருந்தது. மண்ணில் எடுப்பதல்ல, ரசாயனத்தில் செய்தது, பளீரென்று இருக்கும். விலாக் காயத்தில் அதைத் தாராளமாக வைத்தேன்.

“இவ்வளவு ரத்தம் வேண்டாம்ப்பா, பிள்ளைங்க பயப்படும்” என்றார் சாமியார்.

மறுநாள் அதன்மேல் தோல் நிறம் பூசி மறைத்தேன். நான்காம் நாள் காயம் திரும்ப வந்திருந்தது. அந்த வகைச் சிவப்பு மேல்பூச்சின் எண்ணெயில் கரைந்து ஏறும். தெரிந்தும் அவசரத்தில் மறந்திருந்தேன். இன்னொரு பூச்சு கொடுத்தேன், அதிலும் ஏறியது. மழை பிடித்துக்கொண்டதால் காயவும் இல்லை. அதற்குள், சுரூபத்தில் ரத்தம் கசிகிறதென்று தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

எங்கள் அடுத்த வீட்டுக்காரி கொழுந்து எடுப்பவள். அவளுடைய ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை கோயிலில் அவள் அந்த விலாவைக் கைக்குட்டையால் துடைத்து, மடியில் கிடந்த பிள்ளையின் நெற்றியில் தடவிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, அது நான் வச்ச பெயின்ட்டு. புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.”

“வச்சது நீங்கதான் அண்ணாச்சி. மறைச்ச பொறவும் வர வச்சது யாரு?”

சாமியாரிடம் ஓடி, அது பெயின்ட்தான் என்று எல்லாருக்கும் சொல்லச் சொன்னேன். வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை பூசையில சொல்லுவோம்” என்றார்.

வெள்ளிக்கிழமை நான் ஒன்றும் செய்யவில்லை. அதற்குச் சொல்ல இன்றும் என்னிடம் காரணம் இல்லை.

சனிக்கிழமை காலை, என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் முனகல் நின்றுவிட்டது. உள்ளே போனேன். பிள்ளையின் கழுத்து விறைத்துக் கிடந்தது. தாயைக் கேட்காமலே கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, கொழுந்து லாரியை மறித்து ஏறினேன். அவளும் அழுதுகொண்டே பின்னால் ஏறினாள்.

“மூளைக்காய்ச்சல். ரெண்டு நாள் முந்தியே வந்திருக்கணும்” என்றார் டாக்டர்.

பிள்ளை பிழைத்தது. காது போய்விட்டது.

ஊர் திரும்பியபின் ஒருநாள் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

“சாவக் கெடந்த புள்ளய சிலுவயில இருக்குற அவருதான் அண்ணாச்சி காப்பாத்துனாரு.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை எங்கள் உதடுகளையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆமா” என்றேன்.